அம்மணிக்கு, தண்ணீர் பற்றி

அன்புள்ள அம்மணி,

ஔலியில் பனிப் பயிற்சி முடிந்து கோவாவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாய். அண்டார்டிகாவில் நம் மைத்ரி ஆய்வு நிலையத்தை விட்டுத் தள்ளிப் போய், கூடாரம் போட்டுத் தங்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாய். உன் அம்மா ஸ்வெட்டரையும் மாத்திரையையும் பற்றிக் கேட்டாள். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது தண்ணீரைப் பற்றி. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் யார் தோட்டம் வாங்கினாலும் முதல் கேள்வி 'தண்ணி எப்படி?' என்பதுதான். உன் அப்பாரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்று ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்கிறது. உலகத்து நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் அண்டார்டிகாவில் பனிக்கட்டியாகக் கிடக்கிறது. அப்படியானால் அங்கே என்ன குறை என்றுதான் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். குறை வெப்பத்தில் இருக்கிறது, கண்ணு. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க மட்டும் 334 கிலோ ஜூல் வேண்டும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். பனி மைனஸ் 20-ல் இருந்தால் அதை 0-க்குக் கொண்டுவரத் தனிச் செலவு. கூடாரத்தில் எரிபொருள் தீர்ந்தால் தண்ணீரும் தீர்ந்தது. அதனால் போன இடத்தில் முதலில் நீராகவே இருக்கும் நீரைத் தேடு. பாறை ஓரத்தில் வெயிலுக்கு உருகி ஓடும் சிற்றோடை இருக்கும், ஏரி இருக்கும். அவை இல்லாத இடத்தில்தான் உருக்குவது.

நம் நாட்டின் முதல் நிலையமான தக்‌ஷிண் கங்கோத்ரியை 1983-84-ல் பனித்தட்டின் மேல் கட்டினார்கள். அது மெல்ல மெல்லப் பனிக்குள் புதைந்துபோனது. 1989-ல் வந்த மைத்ரி ஷிர்மாக்கர் என்ற பாறைவெளியில் பாறை மேல் நிற்கிறது, எதிரிலேயே பிரியதர்ஷினி ஏரி. அந்தப் பாறைவெளியில் நூற்றுக்கு மேல் ஏரிகள் உண்டு. குளிர்காலத்தில் மேலே பனி மூடினாலும் அந்த மூடியே குளிரைத் தடுத்து அடியில் நீரை நீராக வைத்திருக்கும். துளை போட்டால் தண்ணீர்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எல்லாம் உறைந்து கிடக்கும்போது ஒரு ஏரி மட்டும் உறையாமல் இருந்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. அண்டார்டிகாவிலேயே வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளில் டீப் லேக் என்று ஒன்று இருக்கிறது. கடலைப்போல் பத்து மடங்கு உப்பு, மைனஸ் 20-லும் உறையாது. நம் ஊர் சப்பைத் தண்ணியை நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவாயே, அந்த நாக்கு அங்கேயும் உதவும்.

உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் புதுப்பனியை விடக் கெட்டிப் பனிக்கட்டியை எடு. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று, பத்துப் பாத்திரம் போட்டால் ஒரு பாத்திரம் தண்ணீர் தேறும். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு அடுப்பை ஏற்றாதே. அடி தீய்ந்து தண்ணீர் முழுக்கக் கருகல் வாடை அடிக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சிறிது சிறிதாகப் போடு. எடுக்கும் இடம் காற்று வரும் பக்கமாக இருக்கட்டும். ஜெனரேட்டர் புகையும் கழிப்பிடமும் எதிர்ப்பக்கம்.

கடலோரம் போக நேர்ந்தால், புதிதாக உறைந்த கடல்பனி உப்புக் கரிக்கும். ஆண்டுகள் கடந்த பழைய கடல்பனியில் உப்பு வடிந்துபோயிருக்கும், நிறம் நீலம் காட்டும், விளிம்பு மழுங்கியிருக்கும். வடதுருவத்து இனூயிட் மக்கள் அதைத்தான் உருக்கிக் குடித்தார்கள். பனிமலைத் துண்டு என்றால் பிரச்சினையே இல்லை, அது நிலத்தில் விழுந்த பனி. 1773 ஜனவரியில் கேப்டன் குக் தென்கடலில் அப்படித்தான் துண்டுகளைக் கப்பலில் ஏற்றி, ஒட்டியிருந்த கடல்நீர் வடிந்ததும் உருக்கி, நல்ல தண்ணீர் சேர்த்துக்கொண்டார்.

நான் படித்ததில் மிகவும் பிடித்தது தென்துருவ நிலையத்துக் கிணறு. பனியில் கிணறு! 1960 வாக்கில் கிரீன்லாந்தில் அமெரிக்க ராணுவத்துக்காக ரோட்ரிகஸ் என்ற பொறியாளர் வகுத்த முறை. பனியில் ஆழத் துளையிட்டுச் சுடுநீரை இறக்குகிறார்கள். மேலே இருப்பது நீரை உறிஞ்சிவிடும் பஞ்சுப்பனி, அதைத் தாண்டிக் கெட்டிப் பனிக்குப் போனபிறகு உருகிய நீர் குளமாகத் தேங்கும். கொஞ்சத்தை மேலே எடுத்து, மீதியைச் சூடாக்கித் திரும்ப விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உறைந்துவிடும். ஜெனரேட்டரில் வீணாகும் வெப்பமே அதற்குப் போதுகிறது என்பதைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிணற்றடியில் விண்ணிலிருந்து விழுந்த நுண்துகள்கள்கூட உறிஞ்சி எடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கே கிணறு தூர்வாரினால் சேறு வரும், அங்கே வான்துகள்!

அண்டார்டிகாவில் நம் இன்னொரு நிலையமான பாரதியில் கடல்நீரையே ஆர்.ஓ. செய்கிறார்கள். நம் வீட்டு மிஷினின் பெரிய அண்ணன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

இனிக் கட்டாயமாகச் சொல்ல வேண்டியது. குளிரில் தாகம் தெரியாது. உலர்ந்த காற்றில் மூச்சு விடும்போதே உடம்பு நீரை இழக்கும், சிறுநீரும் அதிகம் போகும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் குடி. வெறும் பனியைத் தின்னாதே, அதை உருக்க உன் உடம்புச் சூடுதான் செலவாகும். அப்புறம், கூடாரத்துக்கு வெளியே போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளாதே. சென்னை பஸ்ஸில் நீ அப்படித்தான் வருவாய், எனக்குத் தெரியும். கூட வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் ஏற்பாடு கேட்டுக்கொள்.

பிரியதர்ஷினி ஏரியையும் பார்த்துக்கொள். நொய்யலில் சாயநீர் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபின் சுற்றுவட்டக் கிணறுகள் என்ன ஆயின என்று நீ சிறுவயதிலேயே பார்த்தாய். அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் புதிதாகும், கெட்டால் சீக்கிரம் மீளாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஏரிப்பக்கம் போகக் கூடாது. யாராவது அலட்சியமாக இருந்தால் வயது பார்க்காமல் சொல்.

சரி, ஒரு வேலை தருகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை உன் பையில் வைத்திருக்கிறேன். பிரியதர்ஷினியில் எவ்வளவு காட்டுகிறது, உருக்கிய பனியில் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. நம் போர் 2,000-க்கு மேல் காட்டுகிறது.

அன்புடன்,
அப்பா