பச்சையை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வீட்டுச் சுவருக்கு ஓவியப் பிரதி வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோபா நிறத்துக்கு எது பொருந்தும், எத்தனை அடி அகலம் வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் பிரதி மூலப்படத்தைப் போல வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்தில் பிரேம் கடை நடத்துகிறவள் நான். அப்பா காலத்துக் கடை. அதனால் இந்தக் கடிதம்.

போன மழைக்காலத்தில் ஓர் ஓவியர் தன் நீர்வண்ணப் படத்தையும் அதன் பிரதியையும் சேர்த்தே கொண்டுவந்தார். இங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். படத்தில் கொள்ளிடக் கரையோரம், தாளடி (இரண்டாம் போக நெல்) நட்டுக் கொஞ்ச நாளான வயல். மழை விட்டிருக்கிறது, வெயில் இன்னும் வரவில்லை. வானமும் வயலில் நிற்கும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சாம்பல். நடுவே வரப்பு மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு. ஓரத்தில் மூன்று பனை, ஒரு மடை. ஆள் இல்லை, மாடு இல்லை, கொக்குகூட இல்லை. பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

பிரதியில் வானம் நீலமாகியிருந்தது. நடவு முழுக்கக் கிளிப்பச்சை. “டல்லா இருக்கு சார், கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கோம்” என்றார்களாம் அச்சிட்ட இடத்தில். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஓவியர் இரண்டு சாம்பலுக்கும் நடுவே நூலிழை வித்தியாசம் வைத்துத்தான் மழை விட்ட நேரத்தைக் காட்டியிருந்தார். அதைத் துடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது உர மூட்டை விளம்பரம்.

டெல்டாக்காரர்களுக்குப் பச்சையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நாற்றங்காலில் மஞ்சள் ஓடிய பச்சை. பறித்து நட்டதும் வேர் பிடிக்கும்வரை வெளுத்துக் கிடக்கும். தண்டு உருண்ட சம்பா கருத்து நிற்கும். கதிர் சாய ஆரம்பித்தால் மறுபடி மஞ்சள். ஒரு ஊர் வயலைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடுவார் எங்கள் அப்பா. கம்ப்யூட்டரில் வண்ணத்தை ஒரே இழுப்பில் ஏற்றினால் இத்தனையும் ஒன்றாகிவிடுகிறது.

இந்தப் பக்கத்துக் காட்சிகள் அச்சுக்குப் போனது நேற்று இன்றல்ல. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தஞ்சைக்கு வந்து பெரிய கோயிலை வரைந்தார்கள். பிறகு லண்டனில் செப்புத் தகட்டில் ஏற்றி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் படத்தை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். அப்படிப் பாடுபட்டு வண்ணம் சேர்த்த தொழில் இது.

இன்றைக்கு வேலை சுலபம்தான், ஆனால் கணக்கு இருக்கிறது. 24 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட வேண்டுமானால் 7,200-க்கு 5,400 புள்ளிகள் உள்ள படம் வேண்டும். அதாவது சுமார் 39 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் போன் படத்தை வைத்து அந்த அளவுக்கு இழுத்தால் பனையோலை குழம்பிப்போகும். பருத்தித் தாளும், நிறத்தூளால் ஆன பிக்மென்ட் மையும் பல காலம் நிற்கும். மரக்கூழ்த் தாளில், மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கியிருந்தால் மஞ்சளிக்கும். கரையும் சாயத்தால் ஆன சாதாரண டை மை, ஜன்னல் வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் கசியும் வீடுகள் இங்கே ஏராளம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைக்காமல் பிரதியைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டால் மை கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படமும் கூடவே வரும். செலவு மிச்சம் என்று மவுண்ட் வேண்டாம் என்பவர்களிடம் நான் சண்டையே போடுகிறேன். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சின்ன ரப்பர் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போக விடுங்கள்.

ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்கென்று ஆன்லைனில் ஒரு கிராமக் காட்சி வாங்கி வந்தார். பில்லில் ‘ஒரிஜினல் ஓவியம்’ என்று இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மைப் புள்ளிகள். பிரதி என்று சொல்லியே விற்றிருந்தால் அவர் மனம் உடைந்திருக்காது. நல்ல பிரதி வாங்குவதில் என்ன குறை? பின்பக்கத்தில் தாள், மை, மொத்தம் அச்சிட்ட பிரதிகளில் இது எத்தனையாவது என்ற எண், ஓவியரின் கையெழுத்து, இவ்வளவு இருந்தால் போதும்.

வாங்குகிறவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல், பகலில் திண்ணைக்கு எடுத்துவந்து பாருங்கள். அச்சிடுகிறவர்கள் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு மாதிரித் தாள் எடுத்து, ஓவியர் சரி என்ற பிறகு மற்றதை ஓட்டுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இணைப்பில் ஓவியம் வெளியிடும்போது எதில் வரைந்தது, மூலப்படம் என்ன அளவு என்பதைப் படத்தின் கீழே போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் வண்ணத்தை ஓவியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இப்படிக்கு,
பிரேம் கடை நடத்தும் வாசகி,
கும்பகோணம்