உன் வீட்டுச் சுவர்க் கடிகாரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான், வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி தேவலை என்று தங்கச்சி எழுதியிருந்தாள், நிம்மதி.

இன்று பேனாவை எடுக்க வைத்தது உன் கடைசி வரி. "ஹை நூன் பார்த்தேன், ஷெரீஃப் வீடு வீடாகப் போய் ஆள் கேட்கிறான், இவனெல்லாம் ஒரு ஹீரோவா?" அந்த ஹாலிவுட் கௌபாய் படத்தில், தான் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய மில்லர் நண்பகல் ரயிலில் பழிவாங்க வருகிறான் என்று துணைக்கு ஆள் தேடுகிறவன்தானே வில் கேன்? முதலில், அவன் ஷெரீஃப் இல்லை, ஊர்க்காவல் அதிகாரியான மார்ஷல். அடுத்தது, இதே புகாரைச் சொல்லித்தான் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் நடிகர் ஜான் வெய்னும் 1959இல் பதிலடியாக 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். பெரிய இடத்துச் சகவாசம்தான் உனக்கு! வேடிக்கை என்னவென்றால், கேனாக நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அவர் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டவரும் அதே வெய்ன்தான்.

நீ இரண்டு தவணையாகப் பார்த்திருக்கிறாய், அங்கேதான் கெட்டது. படமே 85 நிமிடம். கதை காலை பத்தரைக்கு மேல் தொடங்கி நண்பகல் தாண்டியதும் முடிகிறது. ஏறக்குறைய நம் கைக்கடிகாரத்தோடு ஓடுகிறது. நடுவில் எழுந்துபோனால் பிடி விட்டுப்போகும். தண்டவாளத்தைப் பார்: கேமரா அசையாது, இரண்டு கம்பியும் அடிவானம் வரை நேராகப் போகும். மில்லர் அந்த வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு நேர்மாறாகக் கேன் கறுப்பு உடையில் அலைந்துகொண்டே இருக்கிறான். வானத்தை அழகாக்கும் ஃபில்டர் எதையும் ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பி போடவில்லை. அதனால் வானம் வெளிறிக் கிடக்கும், கூப்பரின் ஐம்பது வயதுச் சுருக்கம் அத்தனையும் தெரியும். பன்னிரண்டு நெருங்க நெருங்கக் கடிகாரங்கள் திரையில் பெரிதாகும், பெண்டுலம் மெதுவாகும். கேன் மேஜையில் குனிந்து உயில் எழுதுகிறான். தேவாலயம், சாராயக்கடை, ஸ்டேஷன், மில்லருக்குத் தண்டனை சொன்னபோது அவன் உட்கார்ந்திருந்த காலி நாற்காலி என்று டிக் டிக்குக்குச் சரியாக வெட்டு விழும். பிறகு ரயில் ஊதும். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கொடுத்தது சும்மா இல்லை.

இனி உன் புகார். துணைக்கு வர மறுக்கிறவர்களைக் கவனித்தாயா? நீதிபதி கொடியையும் தராசையும் மூட்டை கட்டுகிறார். பழைய மார்ஷலுக்குக் கையில் மூட்டுவாதம். ஒருவன் மனைவியை விட்டு "வீட்டில் இல்லை" என்று சொல்லவைக்கிறான். தேவாலயத்தில் மேயர் கேனைப் புகழ்ந்துகொண்டே பேச்சைத் தொடங்குவார். தெருவில் சுட்டுக்கொண்டால் வடக்கத்திய முதலாளிகள் பணம் போட வரமாட்டார்கள், ஆகவே நீ ஊரைவிட்டுப் போ என்று முடிப்பார். படத்திலேயே பயங்கரமான இடம் இதுதான், துப்பாக்கிச் சண்டை இல்லை.

சேகர், இதை எழுதிய கார்ல் ஃபோர்மனே அப்போது அமெரிக்காவில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் சிக்கி விசாரணைக் கமிட்டி முன் நின்றவர். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் பிரிட்டனுக்குப் போய்விட்டார். இது தெரிந்தபின் கேன் கதவு தட்டுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனைவி வந்து காப்பாற்றுகிறாளே என்றும் இழுத்திருக்கிறாய். அவள் குவேக்கர், அதாவது ஆயுதமே தொடக்கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவு; அப்பாவையும் கூடப்பிறந்தவனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள். அவள் ஜன்னல் வழியே மில்லரின் ஆள் ஒருவனை முதுகில் சுடுவது சாதாரண விஷயமா?

ரியோ பிராவோவும் எனக்குப் பிடிக்கும், சண்டைக்கு வராதே. வசனமே இல்லாத அந்தத் தொடக்கமும், எச்சில் கலத்தில் விழுந்த காசுக்குக் குடிகாரனாக வரும் டீன் மார்ட்டின் குனிவதும் தங்கம். ஆனால் அங்கே ஷெரீஃப் உதவி வேண்டாம் என்கிறான். நொண்டிக் கிழவர், பொடியன், சூதாட்டக்காரி என்று ஆளாளுக்கு ஓடிவருகிறார்கள். அப்படி ஊர் அமைந்தால் நான்கூட மார்ஷல் வேலை பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10.35க்குப் படத்தைப் போடு, எழுந்திருக்காதே. கூடத்துக் கடிகாரம் இன்னும் இருபது நிமிடம் முந்தித்தான் ஓடுகிறதா? முதலில் அதைத் திருப்பி வை.

உன்,
ராமு