வளவு திறந்திருக்க ஜன்னலை மூடி என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் கண்மாய்க்குள் காய்ந்த புல்லும் சீமைக்கருவேலமும் பற்றிக்கொண்டால் ஊரையே புகை மூடிவிடுகிறது. 'ஜன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருங்கள்' என்கிறார்கள். கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. செட்டிநாட்டு வீட்டில் முகப்புக் கதவைச் சாத்தினாலும், வானம் பார்த்த வளவு (நடு முற்றம்) வழியே புகை இறங்கிவிடும். சூட்டைத் தணிக்க முன்னோர் செய்த ஏற்பாடு, புகை நாளில் நமக்கே எதிரி.

ஆகவே வீடு முழுவதையும் அடைக்கப் பார்க்காமல் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தேக்குக் கதவுகளின் அடியில் விரல் நுழையும் அளவு சந்து இருக்கும். ஈரத் துண்டை உருட்டி அங்கே வையுங்கள். ஜன்னல் பலகை இடுக்கையும் மேலே இருக்கும் காற்றுத் துளைகளையும் பாலித்தீன் தாளால் மூடலாம். டேப்பை மரச்சட்டத்தில் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டினால், பிரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வரும்.

காற்று சுத்திகரிப்பான் வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட சதுர அடியை நம்ப வேண்டாம். அது எட்டு, ஒன்பதடி உயரக் கூரைக்குப் போட்ட கணக்கு. நம் அறை 10-க்கு 12 அடி, உயரம் 14 அடி என்றால் 1,680 கன அடி, அதாவது சுமார் 48 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால், சி.ஏ.டி.ஆர். (கருவி சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு) மணிக்கு 240 கன மீட்டராவது இருக்க வேண்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். ஓசோன் வெளிவிடும் வகை வேண்டாம்.

ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடுவதால் போடலாம், ஆனால் அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. அடுப்படி எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுங்கள். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக இடுக்கெல்லாம் புகைக்காற்று உள்ளே வரும். நாற்றம் போக்கச் சாம்பிராணி போடுவது இன்னும் மோசம். கொசுவர்த்தியும் அப்படியே. எண்ணெயில் பொரித்தாலும் புகைதான்; கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் நாலு நாள் பொறுக்கட்டும், இடியாப்பம் போதும். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம்தான். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகளை ஈரத்துணி தடுக்காது. தாடி இருந்தால் என்95-ம் ஓரத்தில் கசியும்.

விடிந்ததும் கதவைத் திறப்பது நம் வழக்கம். ஆனால் இரவுக் குளிர்ச்சியில் தரையோடு படிந்த புகை அதிகாலையில்தான் கனமாக நிற்கும். வெயில் ஏறி, காற்று வீசத் தொடங்கிய பிறகு, பத்து மணிக்கு மேல் பார்த்துத் திறக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது 24 மணி நேரச் சராசரி என்பதால், காலையில் வந்த புகை எண்ணில் ஏறத் தாமதமாகும். வழக்கமாகத் தெரியும் கோபுரம் மங்கினாலே எச்சரிக்கைதான்.

பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களை நினைத்தால்தான் கவலை. அடைத்த அறையில் மின்சாரம் போனால், புகைக்கு முன்னால் வெக்கை ஆளைச் சாய்த்துவிடும். அப்போது அறையிலேயே கிடக்கக் கூடாது. மூச்சிரைத்துப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இவர்கள் வந்து தங்க, ஏசியும் ஜெனரேட்டரும் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தை ஊருக்கு ஊர் இப்போதே பேசி வைத்து, புகை நாளில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் ஊராட்சிகள் கோடைக்கு முன் அறிவிக்க வேண்டும்.

வாசகர்கள் சிலர்,
காரைக்குடி