பள்ளிப் பேருந்தைப் பயண வீடாக்க முறையான வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய பள்ளிப் பேருந்துகளை வாங்கி, தங்கள் கையாலேயே வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பங்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், என்னிடம் வந்து யோசனை கேட்பவர்களும் உண்டு. எந்த வண்டியை வாங்கலாம், தளத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது. மாற்றிய வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதுவார்கள், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்குமா என்ற கேள்விகளுக்குப் போக்குவரத்துத் துறைதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எழுத்தில், எவரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கேட்பார் இல்லாததால்தான் இது நடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நாட்டில் 1977 முதல் பள்ளிப் பேருந்தின் கூரைக்கும், தகடுகள் சேரும் இணைப்புகளுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. வண்டியின் வெற்று எடையைப் போல ஒன்றரை மடங்குச் சுமையை வைத்தாலும் கூரை குறிப்பிட்ட அளவுக்கு மேல் அமிழக் கூடாது. அத்தகைய வண்டியைத்தான் அவர்கள் வீடாக்குகிறார்கள். எதை வீட்டு வண்டி என்று சொல்லலாம் என்பதையும் அவர்களுடைய கூட்டாட்சி விதி வரையறுத்திருக்கிறது. சமையல், குளிர்பதனம், கழிப்பறை, வெப்பமூட்டல் அல்லது குளிரூட்டல், குழாயும் கழுவுதொட்டியுமாகக் குடிநீர், தனி மின் இணைப்பு அல்லது எரிவாயு ஆகிய 6 வசதிகளில் குறைந்தது 4 இருக்க வேண்டும். பல மாநிலங்களில் மஞ்சள் வண்ணத்தை மாற்றி, குழந்தைகளை ஏற்றி இறக்கும்போது ஒளிரும் விளக்குகளையும் மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் பலகையையும் அகற்றினால்தான் அந்த வண்டி சாலைக்கு வர முடியும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், மோட்டார் கேரவன்கள் எனப்படும் வீட்டு வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில் தரமும் நம்மிடம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனைப் போக்குவரத்து அல்லாத (வாடகைக்கு ஓடாத) வண்டிகளின் பட்டியலில் மத்திய அரசு 2004ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. அந்தத் தரத்தின்படி சோதனை நிலையத்தில் மாதிரி வண்டியை ஒப்படைத்து ஒப்புதல் பெறும் நடைமுறை, பல வண்டிகள் கட்டும் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். பள்ளி கழித்துவிட்ட ஒரே ஒரு வண்டியை வாங்கி, தன் வீட்டு வாசலில் நிறுத்தி வேலை செய்ய நினைக்கும் ஒருவருக்கு அந்தச் செலவும் அலைச்சலும் தாங்காது. அதனால் அவர் ஒன்று ஆசையை விட்டுவிடுகிறார், அல்லது யாரிடமும் கேட்காமல் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்துவிடுகிறார். இந்த இரண்டாவது நிலைதான் எனக்குக் கவலை தருகிறது.

கழித்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தளம். ரப்பர் விரிப்பையும் அதன் அடியில் இருக்கும் பிளைவுட்டையும் முழுவதும் பெயர்த்துவிட்டு, படிக்கட்டின் ஓரத்திலும் பின் சக்கரங்களின் மேலும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மழைநீரும் சேறும் தங்கும் இடங்கள் அவை. பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே தகடு பொடியாக உதிர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து உயிரிழந்ததையும், அதன் பின்னர் அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் வந்ததையும் தமிழ்நாடு மறந்திருக்காது. துருவின் மேல் புதுப் பலகையை அடித்து, டைல்ஸ் விரிப்பு ஒட்டி மறைத்துவிட்டால், பிறகு எந்த ஆய்வாளராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது எடை. குழந்தைகளும் இருக்கைகளும் போய்விட்டதால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற எண்ணம் தவறு. 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 300 கிலோ; அதைப் பின் அச்சுக்கும் அப்பால் வாலில் வைத்தால் முன் சக்கரங்களின் பிடிமானம் குறையும், ஒரே பக்கமாக வைத்தால் வண்டி சாயும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தாழ்வாக, உள்ளே தடுப்புத் தகடுகளோடு வைப்பதே முறை. வேலைக்கு முன்பும் பின்பும் எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

எரிவாயுவைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தளத்தில் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருப்பதால் மட்டும் அது வெளியேறிவிடாது. சிலிண்டர் பெட்டியின் அடிப்பகுதியிலிருந்து வெளிப்புறத்துக்குத் திறப்பு இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே காற்றுப் புகாத தடுப்பும் வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்தார்கள். பள்ளிப் பேருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தைகள் கையை நீட்டாமல் இருக்க ஜன்னல்களில் கம்பிகள் வைத்திருக்கிறோம். பின்புறம் அவசரக் கதவு இருக்கிறது. கட்டில் போட வசதியான இடம் என்று அந்தக் கதவை அடைத்துவிட்டு, கம்பிகளையும் அப்படியே விட்டுவிட்டால், இரவில் தீப்பிடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு முன்வாசல் ஒன்றுதான் மிஞ்சும்.

இவையெல்லாம் ஒருவர் சொந்தமாகக் கற்றுச் செய்யக்கூடிய வேலைகள்தாம். கரூர், நாமக்கல் பட்டறைகளில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காமலே இதைவிட நுட்பமான வேலைகளைக் கற்றவர்கள். கை வேலையில் ஆர்வம் உள்ள தலைமுறை ஒன்று உருவாகும்போது அதைத் தடுத்து நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே, மாநிலப் போக்குவரத்துத் துறை மத்திய அரசுடன் பேசி, தனிநபர் ஒரே ஒரு வண்டியை மாற்றுவதற்கென்று ஓர் எளிய நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். வேலை தொடங்கும் முன் வரைபடத்துக்கு வட்டார அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். உட்புறத் தகடுகளையும் பலகைகளையும் மூடுவதற்கு முன்னால் தளம், வெல்டிங், வயரிங், எரிவாயுக் குழாய் ஆகியவற்றை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடி கட்டும் நிறுவனம் ஒன்றின் பொறியாளர் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்று அளிக்கவும் அனுமதிக்கலாம். இறுதி ஆய்வில் எடைச் சீட்டையும், திறக்கக்கூடிய இரண்டாவது வழியையும் கட்டாயமாக்கி, ஓட்டத்தில் அமர்ந்து செல்ல பெல்ட்டுடன் எத்தனை இருக்கைகள் உள்ளனவோ அத்தனை பேரை மட்டுமே ஆர்.சி.யில் குறிக்க வேண்டும். அந்த நடைமுறை வரும்வரை, வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்துப் பாடி கட்டுநர்,
கரூர்.