பெயர் தெரியாத அந்தச் செவிலியர் அக்காவுக்கு நன்றி

மருந்துக்கடையில் என் மகளைப் பார்த்ததும் நின்ற அக்கா, இது உங்களுக்கு. அவளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் சிவப்பு. பார்த்தவர்கள் வியர்க்குரு என்றார்கள். நீங்கள் முதுகைத் தடவிப் பார்த்தீர்கள். உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. கன்னம் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்ததையும், நாக்கு தடித்துப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்ததையும் காட்டினீர்கள். "ஸ்கார்லெட் காய்ச்சலா இருக்கலாம், இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்றீர்கள். தொண்டைச் சளிப் பரிசோதனையில் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று உறுதியானது.

அதைவிடப் பெரிய உதவி, நீங்கள் கிளம்பும்போது சொன்னது: காய்ச்சல் விட்டாலும் 10 நாள் மருந்தை நிறுத்தாதீர்கள். சரியாகக் குணமாக்காவிட்டால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளையே கெடுக்கலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அப்புறம், சில வாரங்களுக்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னீர்கள், இதனால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதற்காக. முதல் மருந்து கொடுத்து 24 மணி நேரமாவது மற்ற பிள்ளைகளிடம் விடக்கூடாது என்பதும் உங்களால்தான் தெரிந்தது. மருந்தை முழுசாகக் கொடுத்து முடித்தோம். நன்றாக இருக்கிறாள்.

அவசரத்திலும் ஒரு தெரியாத குழந்தைக்காக நின்றீர்களே! இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள் அக்கா.