வார்டின் மதகு அடைத்திருக்கிறது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் டீன்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் டைனமிக்ஸ் பாடம் நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் என் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தார். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. டாக்டர்கள் மீதும் நர்ஸ்கள் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். நாங்கள் கிளம்பியது சனிக்கிழமை சாயங்காலம். ஒரு நாள் கடைசி எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தோம். ஒரு நாள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய பயிற்சி டாக்டருக்கு அட்மிஷன் டே, அவரால் நிமிரக்கூட முடியவில்லை. அப்புறம் வாக்கர். அப்புறம், வீட்டுக்கு வந்து நடக்கப் பழக்க யாராவது கிடைப்பார்களா என்ற கேள்வி.

அந்த நாட்கள் முழுக்க அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில், பாயில், காலில் கட்டுப் போட்ட ஓர் அக்கா படுத்திருந்தார். அம்மா இறங்கினால்தான் அவருக்குக் கட்டில். அம்மாவுக்கும் அது தெரியும். ராத்திரியில் "நான் கீழே படுத்துக்கறேன், நீ மேலே வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் கிளம்பிய அன்று அந்த அக்கா கட்டிலுக்கு ஏறினார். பாய் காலியாகவில்லை, அதில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதைப் பார்க்கும் யாருக்கும் இன்னும் நாலு கட்டில் போடக்கூடாதா என்றுதான் தோன்றும். பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்தும் எனக்கே அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் மனம் மாறியது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்த மடல்.

சிஸ்டம் டைனமிக்ஸ், 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் உருவாக்கிய முறை. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படையை ஏரிக்கரையில் நின்றே விளக்கிவிடலாம். வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது, மதகு வழியாகப் போகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏரியில் நிற்கிறது, நிரம்பினால் கலங்கலில் வழிகிறது. வார்டும் ஓர் ஏரிதான். கேஷுவாலிட்டி, ஓபி, மற்ற ஊர்களிலிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்கள் எல்லாம் வரத்து. டிஸ்சார்ஜ்தான் மதகு. தரையில் விரித்த பாய், கலங்கல்.

30 கட்டில் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 6 பேர் சேர்கிறார்கள், ஆளுக்குச் சராசரியாக 5 நாள் தங்குகிறார்கள் என்று வைத்தால் எந்நேரமும் 30 பேர் இருப்பார்கள். தங்கும் நாள் 6 ஆனால் 36 பேர், அதாவது 6 பேர் தரையில். அதே 5 நாளை 4 ஆக்கினால் 24 பேர்தான். ஒரு செங்கல்கூட வைக்காமல் 6 கட்டில் காலி. நோயாளியைக் குணமாகும் முன் துரத்தச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பேசுவது செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் போன நாட்களைப் பற்றி மட்டும்.

இதற்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி (மாடல்) தேவைப்படுவது, விளைவு திரும்பி வந்து காரணத்தையே தாக்கும் இடங்களில்தான். வார்டு நிரம்பினால் அதே நர்ஸ்கள் கூடுதல் பேரைப் பார்க்க வேண்டும். வேலை பின்தங்கும், ஸ்கேனுக்கு வரிசை நீளும், எல்லோரும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள், வார்டு இன்னும் நிரம்பும். மறுபக்கம், நெருக்கடி முற்றியதும் அவசரமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் காய்ச்சலோடோ சீழ் பிடித்த புண்ணோடோ பத்து நாளில் கேஷுவாலிட்டிக்குத் திரும்பி வருவார்கள். இந்த இரண்டு சுழலில் எது எந்த வாரம் ஓங்குகிறது என்பது மனக்கணக்கில் பிடிபடாது.

மூன்றாவது சுழல் ஒன்று உண்டு. 2023 ஜூனில் கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை 1,000 படுக்கைகளோடு திறக்கப்பட்டபோது நானும் மனமார மகிழ்ந்தேன். ஆனால் நகரத்தில் கட்டில் கூடும்போது, அங்கே இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தாலுகா மருத்துவமனைகள் அனுப்பும் ஆட்கள் கூடுவார்களா? எவ்வளவு? கூடுவார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த கட்டடத்துக்கு அளவு குறிக்க வேண்டாம் என்கிறேன்.

மற்ற நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையின் அவசரப் பிரிவை லேன், மோனஃபெல்ட், ரோசன்ஹெட் என்ற மூவர் சிஸ்டம் டைனமிக்ஸ் முறையில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். மாதிரியில் கட்டில்களைக் குறைத்துப் பார்த்தார்கள். அவசரப் பிரிவில் காத்திருக்கும் நேரம் பெரிதாக ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். அது அதிகம் ஏறவில்லை. முன்கூட்டியே தேதி கொடுத்திருந்த அறுவை சிகிச்சைகள்தான் ரத்தாயின. வலி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நகர்ந்துவிட்டது. அவசரப் பிரிவை மட்டும் அளந்துகொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நம் ஊரில் ஹெர்னியாவுக்கும் கர்ப்பப்பைக்கும் தேதி வாங்கி, "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுபவர்களை எந்தப் பதிவேட்டில் எண்ணுகிறோம்?

1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னொரு கணினி மாதிரி, படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினாலே ஆபத்து தெரியத் தொடங்குகிறது என்றும், 90ஐத் தாண்டினால் படுக்கை நெருக்கடி அடிக்கடி வரும் என்றும் காட்டியது. காலிக் கட்டில் வீண் அல்ல என்பதை உங்கள் தணிக்கையாளர்களுக்கும் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பஸ் கவிழ்ந்தால் அதுதான் இடம். 2021 மே மாதம் சென்னையில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் ஆக்சிஜனோடு வரிசையில் நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை.

சரி, நான் கேட்பது என்ன? முதலில், வார்டுப் பதிவேட்டில் ஒரே ஒரு பத்தி (காலம்). வார்டில் ராத்திரி 12 மணிக்கு நர்ஸ் எண்ணி எழுதும் சென்சஸ் இருக்கிறது, சேர்ந்த நேரமும் போன நேரமும் இருக்கின்றன. "போகலாம் என்று டாக்டர் சொன்ன நேரம்" என்ற பத்தியையும், போகாததற்கு என்ன காரணம் என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிடுங்கள். மதகில் எவ்வளவு சேறு, எந்தச் சேறு என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெளியே போகும் பாதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், வலி தணிக்கும் சிகிச்சை தருகிறார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் எங்கள் வார்டில் யாரும் அதைப் பற்றி எங்களிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அம்மா ஒரு நாளாவது முன்னதாக வீட்டில் இருந்திருப்பார். டாக்டர் கையெழுத்துப் போடும்போதே அந்தப் பகுதிப் பணியாளருக்குத் தகவல் போகும்படி செய்யுங்கள். பிரிட்டனில் எரிக் உல்ஸ்டன்ஹோம் போட்ட மாதிரிகளும் பெரிய மருத்துவமனையில் கட்டில் கூட்டுவதைவிட, அதற்கு அடுத்த படியில் இருக்கும் பராமரிப்பைப் பலப்படுத்துவதே அதிகப் பலன் தரும் என்றுதான் காட்டின.

மூன்றாவது, ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு வார்டை மட்டும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். நோயாளிகளின் பெயர் எதுவும் வேண்டாம், நேரங்கள் போதும். மாதிரியை நானும் என் மாணவர்களும் சம்பளமில்லாமல் போட்டுத் தருகிறோம். ஒரு நிபந்தனை மட்டும்: அதை வரையும் மேசையில் வார்டு நர்ஸும், சம்மரி எழுதும் பயிற்சி டாக்டரும், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளரும் உட்கார வேண்டும். எந்த லிஃப்ட் எப்போது நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுமதிக் கடிதம் வந்தால் அடுத்த திங்கட்கிழமையே வந்து நிற்கிறோம்.

மரியாதையுடன்,
ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர்