முறைப்பாடு செய்தவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களில் எழும் பாலியல் துன்புறுத்தல், பாரபட்ச முறைப்பாடுகள் பற்றித் தங்கள் பத்திரிகை தயங்காமல் செய்தி வெளியிட்டு வருகிறது. ஆயினும் அச்செய்திகள் பெரும்பாலும் "விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டுள்ளது" என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. அக்குழு எப்போது அறிக்கை கொடுத்தது, அதன் மேல் பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவை என்ன தீர்மானித்தது என்பவை வாசகருக்குத் தெரியாமற் போவது ஒருபுறமிருக்க, முறைப்பாடு செய்த மாணவிக்கே பல வேளைகளில் தெரிய வருவதில்லை. சட்டத்தரணியாகத் தொழில் புரிந்த காலத்தில் இத்தகைய விசாரணைகளுக்கு முறைப்பாட்டாளர்களோடு கூடச் சென்றவன் என்ற வகையில், இக்குறையின் வேர் எங்கிருக்கிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளர் ஒருவருக்கு எதிரான முறைப்பாடு, ஊழியர் சேவை விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் ஒழுக்காற்று நடைமுறைப்படியே கையாளப்படுகிறது. முதலில் ஆரம்ப விசாரணை. அதில் முகாந்திரம் தென்பட்டால் குற்றப்பத்திரம். அதன் பின் முறைசார் விசாரணை. இந்த நடைமுறையில் தரப்புகள் இரண்டுதான்: பல்கலைக்கழகம் என்ற தொழில்தருநர், விரிவுரையாளர் என்ற ஊழியர். துன்பத்துக்கு உள்ளான மாணவி வெறும் சாட்சி. விரிவுரையாளருக்குக் குற்றப்பத்திரம் கையளிக்கப்படுகிறது, பதிலளிக்க அவகாசம் கிடைக்கிறது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடமுண்டு, தீர்மானம் பாதகமானால் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். இவை அனைத்தும் அவருக்கு உரியவையே; எவரையும் கேளாமல் வேலையிலிருந்து நீக்குவதை நான் ஒருபோதும் ஆதரியேன். மாணவியோ சாட்சியம் சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அறிக்கையின் பிரதி அவரைத் தேடி வருவதில்லை. தீர்மானம் தவறென்று தோன்றினாலும் அதை எதிர்த்து அந்தச் சபைக்குப் போக அவருக்கு வழியில்லை.

நான் அறிந்த ஒரு மாணவி, இந்நாட்டின் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர். சாட்சியமளிக்கச் சென்ற நாளில், விசாரணை அறைக்கு வெளியே கிடந்த ஒரே வாங்கில், தாம் யார் மீது முறைப்பாடு செய்தாரோ அவரும் வந்து அமர, அழைப்பு வரும்வரை இருவரும் அப்படியே காத்திருந்தார்கள். பின்னர் மாதக்கணக்கில் எந்தக் கடிதமும் இல்லை. அடுத்த அரையாண்டுக்கான நேர அட்டவணை அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டபோது, அதில் அந்த விரிவுரையாளரின் பெயரைக் கண்ட பிறகே விசாரணை முடிந்துவிட்டதென்பது அவருக்கு விளங்கியது. குற்றம் நிரூபிக்கப்படவில்லையா, எச்சரிக்கையோடு விடப்பட்டாரா, கோப்பு எங்காவது உறங்குகிறதா என்பதை அவர் இன்றுவரை அறியார்.

அதே மாணவி பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தால் நிலைமை வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின், அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெங்கோ சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையையும் குற்றமாகக் கொள்கிறது. குற்றத்தினால் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக நிறைவேற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறியும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. பொலிஸார் சொல்லியாக வேண்டிய ஒன்றைப் பல்கலைக்கழகம் மறைக்கலாம் என்பது எந்த நியாயத்தில் சேரும்? வேலைத்தலப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. முடிந்து 10 நாட்களுக்குள் அறிக்கை இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. மேன்முறையீட்டு உரிமையையும் இருவருக்கும் வைத்திருக்கிறது. அங்கே அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை; கேட்பதற்கு ஒரு சட்டமாவது கையில் இருக்கிறது.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தின் செயல் சமத்துவ உரிமையை மீறுவதாகக் கருதும் ஒருவர், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். உள்ளக விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவருக்கு அந்த மாதம் கண்முன்னே கழிந்துவிடுகிறது. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கிற் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டை ஏற்கும் அதிகாரி இந்த ஒரு விபரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலே போதும். எவரும் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

பாரபட்ச முறைப்பாடுகளின் நிலை இதிலும் மோசம். துன்புறுத்தலுக்கு ஒரு நாளும் இடமும் இருக்கும். சாதியினாலோ, மலையகத்திலிருந்து வந்தவர் என்பதினாலோ, மதத்தினாலோ, உடற்குறையினாலோ ஒருவர் ஒதுக்கப்படுவது அப்படி ஒரு நாளில் நடந்து முடிவதில்லை. அது வாய்மொழிப் பரீட்சைப் புள்ளியில் கொஞ்சம், ஆய்வு மேற்பார்வையாளரை ஒதுக்குவதில் கொஞ்சம், பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது கிடைக்கும் பதிலில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கும். முறைப்பாட்டுப் படிவமோ "சம்பவம் இடம்பெற்ற திகதியும் நேரமும்" என்று கேட்கிறது. மாணவர் எதை எழுதுவார்? ஒரு வகுப்பின் மூன்று, நான்கு வருடப் புள்ளிப் பட்டியல்களை வரவழைத்து, இரண்டாம் பரீட்சகர் இட்ட புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையும் அதிகாரமும் உள்ள குழுவினால் மட்டுமே இதைக் கண்டறிய முடியும். சாதியின் பெயரால் இடர்ப்படுத்துவதைத் தண்டிக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அச்சட்டம் வெளிப்படையான தடுப்பை மனதிற் கொண்டு எழுதப்பட்டது. மூடிய அறையில் குறையும் ஐந்து புள்ளிகள் அதற்குப் பிடிபடா. நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசவே கூசுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பகிடிவதையை (ராகிங்) பொறுத்தவரை சட்டத்தில் குறையில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்ததை அடுத்து வந்த 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், பகிடிவதையின்போது நிகழும் பாலியல் துன்புறுத்தலுக்குப் பத்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அங்கேயும் "வழக்கு முடியட்டும்" என்று ஒழுக்காற்று விசாரணையை ஒத்திவைக்கும் பழக்கம் காணப்படுகிறது. குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் ஒழுக்காற்று விசாரணைக்குத் தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடியது என்ற நிகழ்தகவின் சமநிலை போதும். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயரை மறைத்துவிட்டு, ஊரையும் பீடத்தையும் வருடத்தையும் போட்டுவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஆளை இனங்காண அரைநாள் போதும். பாதிக்கப்பட்டவரை இனங்காட்டக்கூடிய எதனையும் வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு குற்றமாக்குகிறது.

முறைப்பாட்டாளரை ஒரு தரப்பாக ஏற்று, முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கையினாலேயே கொண்டுவரலாம். அதுவரையில் பத்திரிகை செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடந்த ஐந்து வருடங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எத்தனை முறைப்பாடுகள் கிடைத்தன, எத்தனை முடிவுற்றன, எத்தனை பேருக்கு முடிவு எழுத்தில் அறிவிக்கப்பட்டது என 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். வெறும் எண்ணிக்கையைக் கேட்பதால் எவருடைய அந்தரங்கமும் வெளிப்படாது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அவ்விண்ணப்பத்தைத் தங்கள் செய்தியாளர் ஒருவரே கையளிக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர்,
கொக்குவில் கிழக்கு, யாழ்ப்பாணம்.